அத்தான் காதில் மட்டும் விழுந்த சத்தம்

பழைய ஆம்ப்ளிஃபயர் பழுதுக்கு வந்தால் முதலில் மூடியைக் கழற்றி மூக்கை நீட்டுவேன். கருகிய வாசனை வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. வாசனையே இல்லாமல் வருகிறவைதான் உயிரை வாங்கும். உட்கார்ந்து எழுதுங்கள் ஐயா, நான் ஒன்றும் ஓடிவிட மாட்டேன்.

அக்கா வீட்டுக்காரருடைய ஆம்ப்ளிஃபயர் அந்த இரண்டாவது ரகம். என்னைவிட வயதில் மூத்த வால்வு செட், தூக்க இரண்டு ஆள் வேண்டும். அத்தான் அதைப் பழைய சாமான் கடையில் பிடித்து வந்தார். கண்டன்சர்கள் அத்தனையும் புதிதாகப் போட்டு, டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்பச் சுற்றவைத்து, ஒரு மாதம் குந்தி உட்கார்ந்து அதைப் பாட வைத்தவன் நான். முதல் இசைத்தட்டு சுழன்றதும் அக்கா கை தட்டினாள். அத்தானோ ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து, "மாப்ளே, பாட்டுக்குப் பின்னால 'ம்ம்ம்'னு ஒண்ணு கேக்குது பாரு" என்றார்.

எனக்குக் கேட்கவில்லை. கடைக்குத் தூக்கிவந்து செல்போனை மாட்டிக் கேட்டேன். துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுவாரம் அதே 'ம்ம்ம்'. இப்படி ஏழு முறை.

அத்தான் நல்ல மனிதர். எனக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையோடு வந்து நிற்பார். ஆனால் ஒரு கல்யாணத்தில், சொந்தக்காரர்கள் இருபது பேர் நடுவில், "நம்ம மாப்ளகிட்ட எது குடுத்தாலும் சரியாயிடும், கூட ஒரு சத்தமும் இலவசமா வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த மாதம் வாடிக்கையாளர் இரண்டு பேர் செட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். அவமானமாக இருந்தது, மறைப்பானேன்.

இந்த மாதிரி செட்டில் ஒரு விவரம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களுக்குள் கரண்ட் தங்கியிருக்கும். அதை வடித்துவிட ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்போம். அத்தானுக்கு எதையும் நோண்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு என்பதால் நானே சொல்லிக் கொடுத்திருந்தேன்: பிளக்கைப் பிடுங்குங்கள், நூறு வரை எண்ணுங்கள், பிறகு கை வையுங்கள். அவர் வாய்விட்டு எண்ணுவார். தொண்ணூற்றொன்பதில் தொடவே மாட்டார், அவ்வளவு ஒழுங்கு.

எட்டாவது முறை கொடுப்பதற்கு முன் அந்த ரெசிஸ்டரின் ஒரு காலை விடுவித்தேன். வெட்டவில்லை. ஈயத்தை உருக்கி, காலை மயிரிழை அளவு தூக்கிவிட்டேன். பார்த்தால் ஒட்டியிருப்பதுபோலவே இருக்கும். நானே சொல்லக் கூடாது, அழகான வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் போன் செய்தார். "மாப்ளே, இன்னும் கேக்குதே."

"உள்ள இடது பக்கம் ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கும் அத்தான், இறுக்கிப் பாருங்க."

"எண்ணிட்டுத்தானே?"

"எண்ணிட்டுத்தான்."

போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு எண்ணத் தொடங்கினார். நான் நூறு வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மின் ஆய்வாளர் வந்து பார்த்தார். ஈயம் சரியாகப் பிடிக்காமல் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது, பழுது பார்த்தவரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போனார். அக்கா அதைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ வேணும்னா செஞ்ச? ஏதோ கை தவறிப்போச்சு. மனசுல வெச்சுக்காதேடா."

கை தவறிப்போச்சாம். முப்பது வருடத்தில் என் கையால் ஒட்டியது எதுவும் விட்டுப்போனதில்லை. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செட்டையும் ரெக்கார்ட் பிளேயரையும் கண்ணால் பார்க்க முடியவில்லை, எடுத்துக்கொண்டு போ என்றாள் அக்கா. நேற்று ரெசிஸ்டரை முறையாக ஒட்டி, பிளேயரையும் சேர்த்து மாட்டி ஓடவிட்டு, அத்தான் மாதிரியே ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தேன். 'ம்ம்ம்' என்றது. பிளேயரோடு சேர்த்து நான் கடையில் ஒருநாளும் சோதித்ததில்லை. அதன் எர்த் ஒயருக்கு நான் கொடுத்திருந்த இடம் தப்பு. மாற்றிக் கொடுத்ததும் சத்தம் நின்றுவிட்டது, இரண்டு நிமிட வேலை. அத்தான் கொஞ்சம் பொறுத்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்.

கொலை என்று தாராளமாக எழுதுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். கை தவறவில்லை என்று அக்காவிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று இருப்பதை மட்டும் அடித்துவிடுங்கள். என் வேலையில் அந்தப் பேச்சுக்கே இடம் கிடையாது.