ஜாபர் சாதிக்கின் வலது கை

எங்கள் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். இது நிஜமா, மெழுகா? நிஜம் என்றால் ஓரடி பின்னால் போவார்கள். மெழுகு என்றால் கிட்டே வந்து, அப்படியே இருக்கிறதே என்பார்கள், குழந்தை வரைந்த படத்தைப் பாராட்டும் குரலில். நான் செய்த எதையும் நிஜமென்று நம்பி யாரும் பின்னால் போனதில்லை.

அந்த உடல் போன வருடம் காற்றுக்காலத்தில் மூக்கையூர்ப் பக்கம் கரை ஒதுங்கியது. யாரும் தேடி வராததால் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். அறுப்பதற்கு முன் வழக்கம்போல வலது கைக்கு அச்சு எடுத்து வைத்தேன். பிறகு தோலை நீக்கி, நரம்பு நரம்பாக, ரத்தக்குழாய் ரத்தக்குழாயாகப் பிரித்தேன். உள்ளங்கையில் குழாய்கள் கோலம் போட்டதுபோல ஓடின. அப்படியொரு கை இனி எனக்கு வராது. அதை மட்டும் தனியே கண்ணாடிக் குடுவையில் வைத்தேன்.

அதன் பிறகுதான் அவனுடைய தாயார் வந்தார். கீழக்கரை சூஃபியா அம்மா. மகன் ஜாபர் சாதிக் சங்கு குளிக்கிறவன். வீட்டில் சண்டை போட்டு, துபாய்க்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவன். போன் வருமென்று மாதக்கணக்கில் காத்திருந்தவர், கடைசியில் காவல் நிலையத்தில் புகைப்படத்தைப் பார்த்திருக்கிறார்.

"மொகத்தக் காட்ட வேணாம் சார், தாங்க மாட்டேன். அந்தக் கைய மட்டும் ஒருதரம் பிடிச்சுக்கிறேன். எம்புள்ளைய ஒண்ணும் கொறையாமக் குடுங்க. முழுசாத்தான் அடக்கணும்."

கூட வந்த அவருடைய தம்பி சீனி முகம்மது, "மையத்தக் காக்க வைக்கக் கூடாது சார், ஒடம்ப இன்னைக்கே குடுங்க" என்றார்.

கையெழுத்துகள் பாக்கி இருப்பதாகச் சொல்லி, நாளை மறுநாள் வரச் சொன்னேன். பாக்கி எதுவும் இல்லை.

அந்த அம்மா ஊருக்குப் போகவில்லை. பிணவறை உதவியாளர் சோணைமுத்து வந்து கதவைத் தட்டினார். "அந்தம்மா வேப்ப மரத்தடியிலயே கெடக்குது. நீங்க உள்ள மெழுகக் கிண்டிக்கிட்டு இருக்கீக. ஒங்களுக்கு மனுசவாடையே ஆகாதா சாரே?"

அவனுடைய அச்சில் வார்த்த மெழுகுக் கைக்கு நிறம் கூட்டிக்கொண்டிருந்தேன்.

மெழுகைக் குடுவையில் வைத்துவிட்டு நிஜத்தை அவரிடம் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மாணவர்கள் நிஜத்தில்தான் படிக்க வேண்டும். தோல் உரித்த கையை ஒரு தாயிடம் எப்படிக் கொடுப்பது? நான் யாருக்கும் எதையும் குறைக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

மெழுகுக் கையைக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்து, மணிக்கட்டோடு துணியால் இறுக்கிக் கட்டினேன். உடல் குளிப்பாட்டும் நிலையில் இல்லை, துணியைப் பிரிக்க வேண்டாம் என்றேன். ஜமாஅத்தார் ஒப்புக்கொண்டார்கள். விரல்களை மட்டும் வெளியே விட்டிருந்தேன்.

அவர் அந்தக் கையைப் பிடித்தார். பெருவிரலில் இருந்த தழும்பைத் தடவினார். "சங்கு கீறுனது. மஞ்ச வச்சு நாந்தான் கட்டுனேன். இப்படிச் சில்லுன்னு கெடக்கே வாப்பா" என்று உதட்டில் வைத்துக்கொண்டார். நெடுநேரம் எடுக்கவில்லை. நானும் அழுதேன். துக்கத்தில்தான் அழுதேன் என்று நம்புகிறேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, எனக்கு நன்றி சொல்ல இனிப்போடு வந்தார். அருங்காட்சியகம் திறந்திருந்தது. அந்தக் குடுவைக்கு முன்னால் நின்றார்.

"இது நீங்க செஞ்சதா சார்? மனுசக் கை மாதிரியே இல்லியே."

"ஆமாம்மா. சரியா வரல."

அவர் சிரித்துவிட்டு, இனிப்பு டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மகனை முழுசாக அடக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு தாய் உயிரோடிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. யாருக்கும் சந்தேகம் வராதபோதும் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தது அதற்காகத்தான் ஐயா. அவனுடைய கையை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். அடக்கிய கபரைத் திறந்து அவனோடு சேர்த்துவிடுங்கள்.

திறக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். டாக்டர்கள் இரண்டு பேரையாவது கூட்டி வாருங்கள். மண்வெட்டி வேண்டாம், மணலைக் கையாலேயே அள்ளச் சொல்லுங்கள். சுண்டுவிரல் நுனி மிகவும் மெலிசு. ஒடிந்துபோனால், அப்படி இன்னொன்று செய்ய என்னால் முடியாது.