ஒருத்தர் மட்டும் உள்ளே

"வயிறு என்னுது, சேதி மட்டும் மாப்பிள்ளைக்கா?" என்றார் எனக்கு முன்சீட்டில் இருந்த பெரியவர். வெள்ளகோவில் பஸ் அப்போதுதான் சிங்காநல்லூரைத் தாண்டியிருந்தது. அவர் மடியில் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே உறை, பிடித்து வைத்த பறவைபோலக் காற்றில் படபடத்துக்கொண்டே வந்தது.

அவர் பக்கத்தில் இருந்த மனைவி சன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "டாக்டர் ரூமுக்குள்ள ஒருத்தர் மட்டுந்தான் வரோணும்னு நர்சம்மா சொன்னாங்கல்லங்க."

"அந்த ஒருத்தர் சீக்காளியா இருக்கக்கூடாதா? என்னையப் பெஞ்சுல உக்கார வெச்சுப்போட்டாங்க. மாப்பிள்ளை வெளிய வந்து உங்கிட்ட என்னமோ சொன்னாரு. அதுலயிருந்து நீ எங்கூடச் சண்டையே போட மாட்டேங்கறே. அதுதான் பயமா இருக்குது, அம்மணி."

"வெறும் புண்ணுதானுங்க. மாத்திரையிலயே ஆறீரும்."

அவர் படபடத்த உறையைக் கையால் அமுக்கிப் பிடித்தார். பிறகு கேட்டார்: "அப்ப இந்த வருசம் கெணத்துக்காட்டுல மஞ்ச வெச்சரலாமா?"

"மஞ்ச வெட்டப் பத்து மாசம் ஆகுமுங்க. தட்டப்பயறு போட்டுக்கலாம், மூணு மாசத்துல வந்துரும்" என்று சட்டெனச் சொல்லிவிட்டு, மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மூணு மாசமா" என்றார் அவர். "சரி, அதையே போட்டரலாம்."