டைபாய்டுக்கு வராத கொழுந்தன்

அட, பழமெல்லாம் எதுக்கு தம்பி? போன வாரம் நீ கொண்டு வந்த ஆப்பிளே இன்னும் ஃப்ரிட்ஜ்ல சுருங்கிக் கிடக்கு. உக்காரு. உங்கண்ணன் உள்ள படுத்திருக்கார். பிசியோதெரபிக்காரர் வந்து முட்டியை மடக்கி மடக்கி நீட்டிட்டிருக்கார். அந்த ஐயோ அம்மா உங்கண்ணன் சத்தம்தான். ஆபரேஷன் பண்ணின கால்னா அப்படித்தான் இருக்குமாம். என்ன, பாத்ரூமா? போயிட்டு வா. நான் எங்க ஓடிடப் போறேன்.

வந்துட்டியா? தண்ணி விழுந்த சத்தமே கேக்கல. சரி விடு. இப்பத்தான் உங்கம்மா போன் பண்ணாங்க. சின்னவன் வந்தானா, அவனுக்கு இருக்கிற பாசம் யாருக்கு வரும், யாருக்கு முடியலன்னாலும் முதல் ஆளா போய் நிக்கிறானேன்னு ஒரே பெருமை. நானும் ஆமா அத்தை, ஆமா அத்தைன்னு கேட்டுக்கிட்டேன். பெரியப்பாவுக்கு முதுகுத்தண்டுல ஆபரேஷன், நீ போன. சித்தி வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சுது, நீ போன. அந்த ஒன்னுவிட்ட மாமா, உன்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிற ஆளு, அவருக்குத் தோள்ல தகடு வெச்சாங்கன்னதும் அங்கயும் போய் நின்ன. பாசம்னா அப்படி ஒரு பாசம்!

எனக்கு டைபாய்டு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? எங்க ஞாபகம் இருக்கும்? இதே தெரு வழியாத்தான் தினம் வேலைக்குப் போன, ஒரு நாள் எட்டிப் பார்க்கல. கோவமெல்லாம் இல்லப்பா, சும்மா சொல்றேன். படுத்த படுக்கையா கிடக்கிறவளுக்கு வேற என்ன வேலை? மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு யோசிச்சேன். எலும்பு உடைஞ்ச வீட்டுக்கெல்லாம் ஓடுறவன் காய்ச்சல் வந்த வீட்டுக்கு ஏன் வர்றதில்லன்னு. அப்ப எனக்குப் பிடிபடல. டைபாய்டுக்கு அந்த மாத்திரை தர மாட்டாங்கங்கிறது எனக்கு எங்க தெரியும்?

எந்த மாத்திரையா? சொல்றேன், சொல்றேன். என்ன, அதுக்குள்ள கொட்டாவி? மூக்கு வேற ஒழுகுது. இந்தப் புழுக்கத்துல உன் கையில முடி குத்திட்டு நிக்குது. சளியா? ஆமாமா, சளிதான். உங்க குடும்பத்துல எது வந்தாலும் சளிதான், வேற வியாதிக்கு உங்க வீட்டு விலாசமே தெரியாது. ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல வந்தியே, அப்ப சளி இல்ல. மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டு, பேசிட்டிருக்கும்போதே சோபாவுல தூங்கி விழுந்த. லைட்டே போடாத ரூம்ல உன் கண்ணுமணி கடுகு மாதிரி சுருங்கிக் கிடந்துச்சு. வேலை அசதின்னு உங்கண்ணன் என்கிட்டச் சொல்லி உனக்குப் போர்வை போத்த வெச்சார். அவரும் பாசக்காரர் பாரு.

அந்தப் பாசக்காரருக்கு என்ன கெதி ஆச்சு தெரியுமா? வலி மாத்திரை தீர்ந்துபோச்சுன்னு போய் நின்னா, சர்ஜன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிட்டு, என்ன சார், மிட்டாய் மாதிரி சாப்பிடுறீங்களா, இதெல்லாம் அபினோட பங்காளி, பழகிட்டா விடாதுங்கிறார். தலைவலி மாத்திரை போடறதுக்கே என்கிட்ட உத்தரவு கேக்கிற மனுஷன்! தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தார். வலியில துடிச்சதும் அவரு, கெட்ட பேரு வாங்கினதும் அவரு. அந்த சர்ஜன் மட்டும் என்ன வாழுது? எழுதிக் குடுக்கிறப்ப சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கன்னு சொன்னதோட சரி. பழகும்ங்கிறது தீர்ந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வருது. நீ லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போன இடத்துல குழியில விழுந்து முதுகை உடைச்சுக்கிட்டப்ப உனக்கு எழுதித் தந்தாரே ஒரு மகராசன், அவரும் இதே ரகம்தான். எழுதி எழுதித் தந்தார், ஒரு நாள் திடீர்னு போதும்னுட்டார். உன் உடம்பு போதும்னு சொல்லுச்சா, இல்லியான்னு அவருக்கென்ன கவலை?

என்ன முழிக்கிற? நான் பரீட்சை ஹால்ல நின்னு நின்னே கால் தேஞ்சவ தம்பி. பிட் அடிக்கிறவன் பேப்பரைப் பார்க்க மாட்டான், என்னைத்தான் பார்ப்பான். பாத்ரூம் போகணும் டீச்சர்னு ரொம்ப மரியாதையா கேப்பான். நீ வந்ததிலேர்ந்து உங்கண்ணன் ரூம் பக்கம் திரும்பல. சட்டைப் பையை மூடாத. வெளிய எடுக்கவும் வேணாம், வெச்சுக்கோ. அது கால்சியம் மாத்திரை. காலையில நான்தான் பாத்ரூம் அலமாரியில இருக்கிற டப்பாவுல மாத்திப் போட்டேன். எலும்புக்கு நல்லது, சாப்பிடு.

கத்தாத, உள்ள அவர் காதுல விழும். என்னது, டாக்டர் குடுக்கிற மருந்துதானே, சாராயமா குடிச்சேன்னு கேக்கிறியா? நல்லா இருக்கே நியாயம்! உனக்குக் குடுத்தது உனக்கு, சித்திக்குக் குடுத்தது சித்திக்கு. மாத்திரை இல்லாம அவங்க முனகினது உனக்கு எங்க கேட்டுச்சு, நீதான் பழத்தைக் குடுத்துட்டுப் போயிட்டியே. நீ சரி பார்த்தாச்சுன்னு சொல்ற லிஃப்ட்லதான் ஊர் ஜனம் குழந்தை குட்டியோட ஏறுது. கையைப் பாரு, டம்ளரைப் பிடிக்க முடியல. இந்தக் கையாலயா நட்டு முடுக்குற?

அழுறியா? சரி, அழு. துண்டு அங்க இருக்கு, துடைச்சுக்கோ. பெரியாஸ்பத்திரியில இதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு. அங்க ஒரு டாக்டரம்மாகிட்டப் பேசிட்டேன். நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை ஒன்னு தருவாங்களாம். உடம்பு இப்படி முறுக்கிக்கிட்டுக் கொட்டாவி விட ஆரம்பிச்ச பிறகுதான் முதல் மாத்திரையே, அவசரப்பட்டு முன்னாடி குடுத்தா இன்னும் படுத்துமாம். அதுக்குத்தான் உன்னை உக்கார வெச்சுக் கதை பேசிட்டிருக்கேன், உன் மூஞ்சியைப் பார்க்கிற ஆசையில இல்ல. மாசக்கணக்குல சாப்பிடணும், வருஷம்கூட ஆகலாமாம். அதுக்கென்ன? உங்கம்மா சர்க்கரைக்குக் காலம் பூரா மாத்திரை போடலியா? அவங்களை யாராவது கெட்டுப்போனவங்கன்னு சொல்றோமா? உன் பொண்டாட்டி நேரா அங்கயே வந்துடறேன்னா. ஆமா, அவகிட்ட நேத்தே சொல்லிட்டேன். உன்னைவிட அவதான் நிம்மதியா மூச்சு விட்டா.

என்ன, வேணாமா? மாடி ரூம்ல வெச்சுப் பூட்டிடுங்க அண்ணி, பல்லைக் கடிச்சுக்கிட்டு நானே விட்டுடறேன்னு சொல்றியா? ஆஹா, ஆம்பளைச் சிங்கம்! ஆஸ்பத்திரிக்குப் போனா மானம் போயிடும், ரூமுக்குள்ள கிடந்தா போகாது, இல்ல?

எங்க வீட்லயும் ஒரு ரூம் இருந்துச்சு தம்பி. எங்கக்காவை நீ பார்த்ததில்ல. ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்து தொடை எலும்பு உடைஞ்சு, அப்புறம் இதே மாதிரி மாத்திரை, இதே கதை. வெளிய தெரியக் கூடாதுன்னு எங்கப்பாவும் மாமாவும் சேர்ந்து பூட்டினாங்க. அவளும் பல்லைக் கடிச்சா. வாந்தியும் பேதியுமா நாராக் கிழிஞ்சு போயி, ஒரு நாள் தானா எழுந்து உக்காந்து பசிக்குதுன்னா. வீடே கையெடுத்துக் கும்பிட்டுச்சு. கதவைத் திறந்துவிட்டாங்க. எங்கயோ ஒளிச்சு வெச்சிருந்ததை எடுத்து, முன்னாடி போடுற அதே அளவு போட்டுக்கிட்டா. உடம்புக்கு அந்த அளவைத் தாங்குற பழக்கம் விட்டுப்போச்சுன்னு அவளுக்கு யாரும் சொல்லல. சொல்ல இங்க எவனுக்குத் தெரியும்? அவ தூங்குறதா நினைச்சோம், மூச்சு இல்ல. என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப உங்கம்மா கேட்டதுக்கு, மாரடைப்புன்னுட்டார் எங்கப்பா. உங்க வீட்ல எல்லாருக்கும் அதான் தெரியும், உங்கண்ணனுக்கும் அதான்.

இந்த வீட்ல எந்த ரூமுக்கும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது, கட்டுறப்பவே நான் வேணாம்னுட்டேன். எழுந்திரு, வண்டி வந்துடுச்சு. செருப்பைப் போடு.