கண்ணைத் திறந்தே கும்பிடலாம்

இந்த மாதர் சபைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் தங்கரத்தினம் அம்மையார் அவர்களே, வயதும் வாக்கும் கனிந்த பெரியோர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் பக்தியுமாய் வந்திருக்கும் தாய்மார்களே, சுவரோரம் நிற்கும் ரயில்வே அண்ணன்மார்களே, அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

இந்தப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயன் வீட்டு வரிசையில் என் அடுத்த வீட்டுக்காரர் மாரியாயி அக்கா. அறுபதைத் தாண்டியவர். ஆடி வெள்ளியன்று அம்மன் சந்நிதியில் கற்பூரம் காட்டினார்கள். மணி முழங்கியது, மேளம் அதிர்ந்தது, மனம் உருகியது. அக்கா இரு கையையும் தலைக்குமேல் கூப்பிக் கண்ணை இறுக மூடினார். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. அவ்வளவுதான்!

"ஆத்தா வந்துட்டா! ஆத்தா வந்துட்டா!"

ஒருவர் அக்கா கையில் வேப்பிலையைத் திணித்தார். இன்னொருவர் அவர் தலையில் மஞ்சள்நீரைக் கொட்டினார். நம் தனலெட்சுமி அவர் காலிலேயே விழுந்துவிட்டார். "தாயே, எம் மவளக் கிள்ளான் ஊரு மாப்பிள்ளைக்குக் குடுக்கலாமா? ஒரு வார்த்த சொல்லு!"

அக்கா என்ன சொல்வார்? அம்மன் பேரில் பொய் சொல்வாரா? "எனக்கு ஒண்ணும் வரலம்மா. காலு நிக்கல" என்றார்.

உடனே கூட்டத்தில் ஒரு குரல்: "அப்ப கள்ளு வந்திருக்கும்லா!"

சிரிக்காதீர்கள் அண்ணே. அன்றோடு அக்கா கோயிலுக்கு வருவதை விட்டார். வெள்ளி தவறாதவர், வாசல் தாண்டவில்லை. "ஆமான்னா பொய்யி, இல்லேன்னா கள்ளு. நான் வூட்டுலயே கும்பிட்டுக்கிறேன் தங்கச்சி" என்றார்.

பிறகொரு நாள் பைப்படியில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினார். அதே ஆட்டம்! பைப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "ஏங்க்கா, சோப்புக்கும் ஆத்தா வருவாளா?" என்றேன். அன்றுதான் அவர் மறுபடி சிரித்தார்.

தாய்மார்களே, நம்மை நிமிர்த்தி நிறுத்துவது கால் மட்டுமா? பாதம் தரையை அறிகிறது. காதுக்குள்ளே ஒரு நுட்பமான உறுப்பு சாய்வை அறிகிறதென்று டாக்டர் சொன்னார். கண் சுற்றுப்புறத்தை அறிகிறது. வயது ஏற ஏறப் பாதம் மரத்துப்போகிறது, காது தளர்கிறது. அந்தக் குறையைக் கண்ணே ஈடுகட்டுகிறது. வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு இது விளங்காதா? மூவர் உழைத்த குடும்பத்தில் ஒருவர்தான் மிச்சம். அவரையும் படுக்கச் சொன்னால் அடுப்பு எரியுமா?

கோயில் கமிட்டி ரெங்கசாமி அண்ணன் தலையை ஆட்டுகிறார். நம்பவில்லையா அண்ணே? சற்று எழுந்திருங்கள். பாதம் இரண்டையும் சேர்த்து வையுங்கள். ஜெயராஜ் தம்பி, பக்கத்திலேயே நில்லப்பா. இப்போது கண்ணை மூடுங்கள்... அடடா, தம்பி தோளைப் பிடித்துவிட்டீர்களே! என்ன அண்ணே, ஆத்தாளா, கள்ளா?

"ரெண்டும் இல்லம்மா... வயசு!"

கேட்டீர்களா சபையோரே! இது அருளும் அல்ல, அவமானமும் அல்ல, வயது! கோயிலுக்கு எதற்குப் போகிறோம்? அவளைக் காண! அலங்காரம் எதற்கு? காண! தீபம் எதற்கு? காண! காணப் போன இடத்தில் கண்ணை ஏன் மூட வேண்டும்? தள்ளாடுகிறவரைக் கண்டால் குறி கேட்காதீர்கள், குறை சொல்லாதீர்கள், கைகொடுங்கள். சந்நிதி முன்னே பிடித்து நிற்க ஒரு மரக் கைப்பிடி வேண்டும் அண்ணே.

"ஆசாரியக் கூப்பிட்டுப் போட்டுடறேம்மா."

மாரியாயி அக்கா அதோ கடைசி வரிசையில் இருக்கிறார். அக்கா, வெள்ளிக்கிழமை வருவீர்களா?

"கண்ணத் தொறந்துக்கிட்டேவா? அவ மொகத்த நல்லாப் பாத்தே ரொம்ப நாளாச்சுடீ. வரேன்."

இதற்குமேல் நான் பேச என்ன இருக்கிறது? பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி. எல்லோரும் நிமிர்ந்து நில்லுங்கள், நெடுநாள் நில்லுங்கள். வணக்கம்.