வெர்லினை இழுக்க ஏற்ற வண்டி

நான் காலையில் முட்டை சாப்பிடுவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐந்தரைக்கு எழுவேன். காபி போடுவேன். ஒரு ரொட்டித் துண்டைச் சுட்டு, நின்றபடியே தின்பேன். என் மனைவி ட்ரெஸ்ஸா வைத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். அது பிளாஸ்டிக் என்று மார்ச் மாதம்தான் கவனித்தேன். இருந்தாலும் ஊற்றுகிறேன். ஆறு மணிக்குச் சமையலறை ஜன்னலில் தட்டும் சத்தம் கேட்கும். வெர்லின். என் மாமனார். சட்டைப் பையில் நான்கு முட்டைகள் இருக்கும்.

"கதவத் தொற, காலேஜு. குஞ்சு பொரிச்சிடப் போவுது."

இரண்டு அவருக்கு, இரண்டு எனக்கு. நான் சாப்பிடுவதில்லை என்று தினமும் சொல்வேன். தினமும் நான்கையும் அவரே தின்பார். அவர் குடியிருக்கும் சக்கர வீட்டில், அதாவது ட்ரெய்லரில், மூன்று பர்னர் அடுப்பு இருக்கிறது. மூன்றும் எரிகின்றன. நானே பற்றவைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஹாலோரன், நீங்கள் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். ஆனால் முற்றத்தில் இறங்கியதும் என் பிக்கப் வண்டியைப் பார்த்து நீங்கள் முதலில் கேட்டது, "இது டீசலா?" என்றுதான். நான் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ராலின்ஸ் ஊரில் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். இரண்டும் ஒரே பதில்தான்.

பிப்ரவரியில் ட்ரெஸ்ஸா இறந்தாள். கணையப் புற்றுநோய். வயது முப்பத்தொன்று. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நிம்மதியா இரு, கோல்பி," என்றாள். பாதிரியாரிடம் சொன்னேன். அடக்கத்தன்று அவர் அதையே பிரசங்கமாக்கிவிட்டார். நான் செய்தது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

வெர்லின் நெப்ராஸ்காக்காரர். நாற்பது வருடம் மாட்டு லாரி ஓட்டியவர். மனைவி போன பிறகு வீட்டை விற்றுவிட்டு, ஒரு பெரிய ட்ரெய்லரை வாங்கி அதிலேயே குடியிருந்தார். படுக்கை, குளியலறை, சோபா எல்லாம் உள்ளேயே. மகள் நோயில் படுத்துவிட்டாள் என்று தெரிந்ததும் அதை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் முற்றத்தில் நிறுத்தினார். அடக்கம் நடந்த அன்றே அவருடைய பழைய வண்டியின் கியர்பாக்ஸ் போய்விட்டது. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார். ட்ரெய்லர் நின்றது. அவரும் நின்றார்.

"போக எடமில்லாம ஒக்காந்திருக்கேன்னு நெனைக்காத," என்றார். "எடம் நெறைய இருக்கு. இழுக்க வண்டிதான் இல்ல."

நான் நகராட்சியின் தண்ணீர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அமைதியான வேலை. சாயங்காலம் திரும்பும்போது என் சமையலறையில் விளக்கு எரியும். ரேடியோ மாட்டு விலை சொல்லிக்கொண்டிருக்கும். மேசையில் இரண்டு தட்டுகள் இருக்கும். என் சிறிய காரை அவர் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இத எங்க வாங்கின? பொம்மைக் கடையிலயா? பேட்டரி தனியா குடுத்தானா?"

ட்ரெஸ்ஸாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். டயர் பேசுவார். பிரேக் பேசுவார். ஒரு முறை முழு இரவு உணவும் அச்சுக்குப் போடும் கிரீஸ் பற்றியே போனது. சாப்பிடும்போது என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கரண்டியைக் கீழே வைத்தால் அவரும் வைத்துவிடுவார். எடுத்தால் எடுப்பார். இப்படி ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மனிதன் எப்படி நிம்மதியாக இருப்பான்?

ட்ரெஸ்ஸா கேட்டது நிம்மதி. நிம்மதிக்கு வெர்லின் போக வேண்டும். வெர்லின் போக வண்டி வேண்டும். எனவே வண்டி வாங்குவது என்று முடிவு செய்தேன்.

எனக்கு வண்டிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"பெரிய ட்ரெய்லர் ஒண்ணு இழுக்கணும்," என்றேன். "அதுக்கு என்ன வண்டி வாங்கலாம்?"

முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எவ்ளோ பெருசு?"

"உங்களது மாதிரி."

 கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். "ஆரிகன் கடற்கரைக்கா?" என்றார். ட்ரெஸ்ஸா கடலைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"மேற்குப் பக்கம்," என்றேன். அது பொய் இல்லை.

காஸ்பர் நகரில் ஒரு வண்டி விற்பனை நிலையத்துக்குப் போனோம். லாயிட் என்ற விற்பனையாளர் எங்கள் இருவருக்கும் கை கொடுத்துவிட்டு, இருக்கைகளிலிருந்து ஆரம்பித்தார்.

"குளிர்காலத்துல சீட்டு தானா சூடாகும், சார். முதுகைக்கூடப் பிடிச்சு விடும்."

"முதுகு பிடிச்சுவிட ஆள் வேணும்னா நான் கல்யாணம் பண்ணிக்குவேன்," என்றார் வெர்லின். "கதவத் தொற."

ஓட்டுநர் கதவின் ஓரத்தில், வண்டி எவ்வளவு சுமக்கும் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வெர்லின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வேதப் புத்தகத்தை வாசிப்பதுபோல் அதைக் குனிந்து வாசித்தார்.

"எவ்ளோ இழுக்கும்னு எல்லாப் பயலும் டிவியில கத்துவான். நீ எவ்ளோ சுமக்கும்னு கேளு, காலேஜு. ட்ரெய்லரோட மூக்கு வண்டி முதுகுலதான் வந்து ஒக்காரும். முதுகு ஒடிஞ்சப்புறம் எங்க இழுக்கறது?"

"மலையில ஏத்திப் பாருங்க சார், பறக்கும்," என்றார் லாயிட்.

"ஏத்தம் கெடக்கட்டும்யா. எறக்கத்துல நிக்குமா?"

இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுத வேண்டும். காலி ட்ரெய்லருக்கும் ஒரு கிழவருக்கும் முக்கால் டன் சுமை வகை பெட்ரோல் வண்டியே தாராளம். லாயிடும் அதையே சொன்னார். ஆனால் நான் என் கணக்கைப் போட்டேன். தொட்டி நிறையத் தண்ணீர். ஒரு மாதத்துக்கு டப்பா உணவு. பீன்ஸ், சூப், அவருக்குப் பிடித்த பீச் பழம். இரண்டு கேஸ் சிலிண்டர். ஜெனரேட்டர், அதற்குப் பெட்ரோல். கம்பளிகள். பிறகு அவர்.

"வெர்லின், நீங்க எவ்ளோ எடை?"

"எதுக்கு?"

"கணக்குக்கு."

"இருநூத்திப் பத்து பவுண்டு. பூட்ஸோட."

பூட்ஸையும் சேர்த்துக்கொண்டேன். அத்தனையும் போட்டதும் முக்கால் டன் வண்டி தாங்கவில்லை. ஒரு டன் வகை, டீசல், பின்னால் இரட்டைச் சக்கரம், ஆக மொத்தம் ஆறு டயர் என்று முடிந்தது. நான் கொடூரமானவனாக இருந்திருந்தால் முக்கால் டன்னே போதுமாக இருந்திருக்கும். இதை ஜூரியிடம் யாராவது சொல்ல வேண்டும்.

அதன் பிறகு வெர்லின் மாறிவிட்டார். விசில் அடித்தார். ஒவ்வொரு சாயங்காலமும் முற்றத்தில் எனக்குப் பாடம் நடந்தது. வண்டியைப் பின்னால் எடுப்பது, இணைப்பை மாட்டுவது, சங்கிலியைக் கோர்ப்பது. "மெதுவா, மெதுவா. மாடு கறக்கப் போறமாதிரி வா. இடிக்கப் போற மாதிரி வராத." ஒரு நாள் கடைக்குப் போய் மடக்கு நாற்காலி ஒன்று வாங்கி வந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு இருக்கே," என்றேன்.

"நீ என்ன, கடல நின்னுக்கிட்டே பாப்பியா?"

 நாற்காலியின் எடையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நானே சமைத்தேன். காரமான பீன்ஸ், மாட்டுக்கறி. ட்ரெஸ்ஸாவின் வலி மாத்திரைகள் மீதம் இருந்தன. அழித்துவிடச் சொல்லியிருந்தார்கள். இரண்டைப் பொடித்து அவர் கிண்ணத்தில் கலந்தேன். இரண்டுதான். பாட்டிலில் நிறைய இருந்தன.

"ஒனக்குச் சமைக்கக்கூட வருதே," என்றார். இன்னொரு கிண்ணம் கேட்டார். ட்ரெய்லருக்குப் போய், காது கருவிகளைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார்.

அவர் கற்றுக்கொடுத்த வரிசையிலேயே எல்லாவற்றையும் செய்தேன். படியை மடித்தேன். ஆண்டெனாவை இறக்கினேன். நிற்கும்போது பக்கவாட்டில் வெளியே நீளும் சோபா அறையை உள்ளே இழுத்தேன். வண்டியை மாடு கறக்கப் போவதுபோல் பின்னால் எடுத்து மாட்டினேன். ஒரு சத்தம் இல்லை. சக்கரக் கட்டைகளை எடுத்தேன். "கெளம்பறதுக்கு முன்னால ஒரு சுத்து சுத்திப் பாரு, எதையாவது விட்டுட்டுப் போயிடுவ," என்பார். சுற்றிப் பார்த்தேன். அவருடைய செல்போன் வழக்கம்போல் என் சமையலறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. முற்றத்தைச் சுற்றினால் அது தெரியாது.

நெடுஞ்சாலையில் மேற்கே போனேன். பிறகு சரளைப் பாதை. பிறகு பாதை இல்லை. செம்பாலை என்று சொல்கிறார்களே, அதன் நடுவில் ஓர் இடம். வழியில் ஒரு பெரிய இறக்கம் வந்தது. வண்டி நன்றாக நின்றது. அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

ட்ரெய்லரைக் கழற்றி, மட்டப்பலகை வைத்துச் சமன் செய்தேன். தலைப்பக்கம் தாழ்ந்திருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். டப்பா திறக்கும் கருவியை டப்பாக்களின் மேலேயே, கண்ணில் படும்படி வைத்தேன். குளிர்பெட்டியில் ஒரு டஜன் முட்டை வாங்கி வைத்திருந்தேன். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒரு மனிதனை வீட்டை விட்டுத் துரத்துவது தவறு. நான் வீட்டோடுதான் நகர்த்தினேன்.

சுமை இல்லாமல் திரும்பும்போது அந்த வண்டி கொஞ்சம் குதிக்கிறது. வாங்கும் எண்ணம் இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள்.

அதன் பிறகு நிம்மதி. ஆறு மணிக்கு யாரும் ஜன்னலைத் தட்டவில்லை. ஆறு மணிக்கு நான் ஜன்னல் அருகே போய் நின்று, யாரும் தட்டவில்லை என்பதைக் கவனிப்பேன். ஆறேகால் வரை கவனிப்பேன். சாயங்காலம் ரேடியோவை நானே போட்டேன். ஒரு சத்தமும் இல்லாவிட்டால் அமைதி எவ்வளவு என்று தெரியாது. பாதிரியார் கேட்டபோது, வெர்லின் மேற்கே போயிருக்கிறார் என்றேன். "கடல் காத்து அவருக்கு நல்லது," என்றார்.

பத்து நாள் போலக் கழித்து, பெரு நாட்டிலிருந்து வந்து ஆடு மேய்க்கும் ஒருவர் அவரைக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறீர்கள். என்னை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். மண்ணில் ஆறு டயர் தடம் என்றீர்கள். முக்கால் டன் வாங்கியிருந்தால் ஊரில் பாதிப் பேருடைய தடமாக இருந்திருக்கும். என் இரக்கம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. அதுவும் எழுதப்பட வேண்டும்.

வெர்லின் புகார் எதுவும் கொடுக்கவில்லை. அவர் சொன்னதை நீங்களே வாசித்துக் காட்டினீர்கள். "டீசல் போடப் போயிருக்கான். வழி தப்பியிருப்பான். படிச்ச பையன், அப்படித்தான் இருப்பான். வந்துடுவான்." பாதிக்கப்பட்டவருக்கே குறை இல்லை என்றால் குற்றம் எங்கே இருக்கிறது?

இரண்டு நாற்காலிகளும் வெளியே, நான் போன பக்கம் பார்த்துப் போட்டிருந்தன என்கிறீர்கள். ஒன்றில் அவர். மற்றொன்றில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. காலை நீட்டிக்கொள்ளப் போட்டிருப்பார். அவருக்கு மூட்டு வலி உண்டு.

தண்ணீர் குறைந்திருந்தது. டப்பாக்கள் ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. திறக்கும் கருவி வைத்த இடத்திலேயே இருந்தது. பீச் பழத்தைக்கூடத் தொடவில்லை. முட்டை பன்னிரண்டும் அப்படியே. இதற்கு நான் என்ன செய்ய முடியும்? பிடிவாதக்காரர். உணவு கொடுக்கலாம், ஊட்டிவிட முடியாது. இப்போது மருத்துவமனையிலும் தட்டு போனபடியே திரும்பி வருகிறது, இப்படியே போனால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். எனக்குக் காரணம் தெரிந்திருக்கும் என்பதுபோல் கேட்கிறீர்கள். நான் தண்ணீரைச் சோதிக்கிறவன்.

இவ்வளவு நேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது என்னைப் பார்க்கிறீர்கள். "நீ நிம்மதியா இரு" என்பதுதான் ட்ரெஸ்ஸா கடைசியாகச் சொன்னதா, வாக்குமூலத்தில் சரியாக இருக்க வேண்டும் என்கிறீர்கள்.

அதைச் சொன்னாள். வியாழக்கிழமை சொன்னாள். அவள் இறந்தது சனிக்கிழமை. சனிக்கிழமை காலை ஒரு முறை கண்ணைத் திறந்தாள். தண்ணீர் கேட்கப்போகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன்.

"அப்பா தனியாச் சாப்பிடமாட்டாரு, கோல்பி. அம்மா போனதிலேருந்து அப்படித்தான். கேக்க வெக்கப்படுவாரு. முட்டையை எடுத்துக்கிட்டு வந்து நிப்பாரு. நீயும் ஒண்ணு சாப்பிடு."