செப்புப் பானையை நான் ஏன் சொன்னேன்

வீட்டில் ஜின் காய்ச்ச ஆசைப்படுகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: செப்புப் பானை வாங்கலாமா, எவர்சில்வர் பானை வாங்கலாமா? இதற்கு நேர்மையான பதில் ஒன்று உண்டு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு எவர்சில்வர்தான் நல்லது. மின்சாரத்தில் ஓடும். மூடியில் ரப்பர் வளையம் இருக்கும், சுற்றிலும் கொக்கி போட்டு இறுக்கலாம், தீ என்கிற பேச்சே கிடையாது. பிளக்கைச் செருகிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். நான் யாருக்கும் அந்தப் பதிலைச் சொன்னதில்லை.

என் பெயர் யூவன் டன்னெட் என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டீர்கள். ஊரில் காய்ச்சுகிறவர்களின் சங்கத்துக்கு நான் செயலாளர். மாதம் ஒருமுறை புல்தரையில் பந்துருட்டி விளையாடும் கிளப்பின் ஹாலில் கூடுவோம். ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்து ஒருவர் சரக்கை ஒருவர் ருசி பார்ப்போம், யாராவது ஒருவர் வீட்டிலிருந்து சீஸ் ரோல் வரும், சீஸ் தடவிச் சுருட்டிச் சுட்ட ரொட்டி. புதிதாக வருகிறவர்களை என்னிடம்தான் அனுப்புவார்கள். என்ன வாங்குவது, எங்கே வைப்பது, குடிக்கக் கூடாத முதல் சொட்டுகளை எவ்வளவு கீழே கொட்டுவது என்று எல்லாம் நான் சொல்லித்தருவேன். முதல் தடவை காய்ச்சும்போது கூடவே போய் நிற்பேன்.

நீங்கள் விசாரணைக்கென்று டனீடின் நகரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், அதனால் ஒன்று சொல்லவேண்டும். இந்த ஹோக்கோனுய் மலையடியில் இருக்கிற பாதிப் பேர் அந்தக் காலத்தில் புதருக்குள் ஒளிந்து விஸ்கி காய்ச்சியவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்களுக்குப் பயம் இருந்தது. போலீஸ் வரும், அபராதம் வரும், சிறை வரும். அந்தப் பயத்தில் பானையின் ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்துக் காய்ச்சினார்கள். இப்போது வீட்டுத் தேவைக்கென்று காய்ச்சினால் சட்டம் கண்டுகொள்வதில்லை. சட்டம் விட்டது, கூடவே பயமும் விட்டுப்போயிற்று. கார் ஷெட்டில், பெட்ரோல் கேன் பக்கத்தில், ரேடியோவைப் போட்டுக்கொண்டு காய்ச்சுகிறார்கள்.

நான் பயந்த சுபாவம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. படுத்தால் தெருவில் எந்த ஷெட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணுவேன். தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டால் கை குளிர்ந்துவிடும், அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. இந்த ஊரில் எல்லாருக்கும் சேர்த்து நான் ஒருவன் பயந்துகொண்டிருந்தேன். அது எவ்வளவு களைப்பான வேலை என்று உங்களுக்குத் தெரியாது.

புத்தி சொன்னால் யார் கேட்கிறார்கள்? அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான். அதனால்தான் செப்புப் பானையைச் சொன்னேன். பார்க்க அழகாக இருக்கும், யாரும் மறுக்கமாட்டார்கள். அடியில் பானை, மேலே வெங்காயம் மாதிரி ஒரு மூடி, அதிலிருந்து வளைந்து இறங்கும் குழாய். மூன்றும் கையால் தட்டிச் செய்தவை, ஒன்றோடொன்று இறுகப் பொருந்தாது. இடைவெளியில் மாவு பிசைந்து பூசித்தான் அடைக்கவேண்டும். அடியில் கேஸ் அடுப்பு. பூச்சு சரியாக இருந்தால் நூறு வருஷமானாலும் ஒன்றும் ஆகாது. மாவை நான் பிசைந்து தருவேன். கொஞ்சம் இளக்கமாகப் பிசைவேன்.

காயும்போது அந்தப் பூச்சில் வெடிப்பு விழும். வெடித்த இடத்தில் ஆவி கசியும், கசிந்தது அடுப்பைத் தொட்டதும் நீலமாக ஒரு நாக்கு எழும். அவ்வளவுதான். நான் வாசலுக்கு வெளியே நனைத்த போர்வையோடு நின்றுகொண்டிருப்பேன். அலறல் கேட்டதும் உள்ளே ஓடி, அடுப்பை அணைத்து, போர்வையைப் போடுவேன். யாருக்கும் கொப்புளம்கூட வந்ததில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். நான் சூடுகூட வைக்கவில்லை, காட்டினேன்.

பிரூஸ் லம்ஸ்டனைக் கேட்டுப்பாருங்கள். ஆட்டுமந்தை வைத்திருக்கிற ஆறடி ஆள். அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். மறுவாரமே பானையைப் பரணில் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் காய்ச்சுவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அந்தக் குரலில் இருக்கிற நடுக்கம் எனக்குப் பெரிய நிம்மதி. அவர் பயப்படுகிற அளவுக்கு நான் பயப்பட வேண்டியதில்லை அல்லவா. அவருக்குப் பிறகு இன்னும் சிலருக்கும் இப்படிச் செய்தேன். போகப்போக, அலறல் கேட்டதும் ஓடாமல் சற்று நிதானித்துப் போவது நல்லது என்று கண்டுகொண்டேன். பயம் நன்றாக ஊறவேண்டும்.

நைரி விஷயத்துக்கு வருகிறேன்.

நைரி இந்தப் பக்கத்து மலைப்பாதையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பனி உறைந்த சாலையில், பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, ஒரு கையால் சாண்ட்விச் தின்றுகொண்டு ஓட்டுவாள் என்று சொல்வார்கள். ஓய்வு பெற்றதும் சங்கத்துக்கு வந்தாள். பிப்ரவரியில் மகளுக்குக் கல்யாணம், ஒவ்வொரு மேசைக்கும் தன் கையால் காய்ச்சிய ஜின் ஒரு பாட்டில் வைக்கவேண்டும் என்பது அவள் ஆசை. ஜின்னுக்கு மணம் தரும் ஜூனிப்பர் காயோடு, எங்கள் மலைப்புதரில் கிடைக்கும் மானுகா இலையும் எலுமிச்சைத் தோலும் போடப்போவதாகச் சொன்னாள். என்ன வாங்கலாம் என்று கேட்டாள். செம்பு என்றேன்.

முதல் தடவை எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. நான் போர்வையோடு வெளியே நின்றேன். அலறல் வரவில்லை. எட்டிப் பார்த்தால், ஈரத்துணியால் அந்த நீலத்தை ஒரு தட்டுத் தட்டி அணைத்துவிட்டு, பூச்சு வெடித்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன யூவன், பேயைப் பாத்த மாதிரி நிக்கிற? உள்ள வா, ரோல் ஆறிப்போவுது."

நான் சாப்பிட்டேன். ஒரு மனுஷிக்கு இப்படியும் பயமே இல்லாமல் இருக்குமா என்று அன்றிரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அந்த மாதக் கூட்டத்தில் அதை ஒரு கதையாகச் சொன்னாள். நன்றாகக் கதை சொல்வாள். தீயைப் பற்றி அரை வார்த்தை, என் முகத்தைப் பற்றித்தான் மீதியெல்லாம். "நெருப்பு என் பானையில, வேர்வை இவன் மூஞ்சியில" என்றாள். ஹாலே சிரித்தது. பிரூஸ் லம்ஸ்டனும் சிரித்தார். என் சட்டைக் காலரில் முகம் புதைத்து அழுத அதே பிரூஸ். போகும்போது என் முதுகில் தட்டி, பரணில் கிடக்கிற பானையை இறக்கப்போவதாகச் சொன்னார்.

எனக்கு அவமானம் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். இல்லை. எனக்குக் குலை நடுங்கியது. எத்தனையோ பாடுபட்டு ஒவ்வொருவர் மனதிலும் ஊன்றிய பயத்தை ஒருத்தி ஒரே சிரிப்பில் பிடுங்கிப் போட்டுவிட்டாள். இனி ஊர் முழுக்க அஞ்சாமல் காய்ச்சும். எந்த வீடு முதலில் எரியும்? யார் பிள்ளை உள்ளே இருக்கும்? அந்தப் பாரம் எல்லாம் மறுபடி என் ஒருவன் தலையில். நைரி ஒருமுறையாவது பயந்தால் போதும், மற்றவர்கள் தானாக வழிக்கு வருவார்கள் என்று தோன்றியது. இதில் தப்பான யோசனை எங்கே இருக்கிறது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

கல்யாணத்துக்காகப் பெரிய அளவில் காய்ச்சும்போது கூட நிற்க என்னை அவளே கூப்பிட்டாள். சனிக்கிழமை மதியம். தெற்கேயிருந்து காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது, எங்கள் ஊர்க் காற்று எலும்பு வரை போகும். பெரிய கதவை ஒட்டியிருந்த அடுப்பு அணைந்து அணைந்து போகிறதென்று தன் கார் ஷெட்டின் அந்தக் கதவை அவளே கீழே இழுத்துவிட்டாள். அதை நான் செய்யவில்லை, நான் சொல்லவும் இல்லை. மாவை நான் பிசைந்தேன். முன்னைவிட இளக்கமாக. பானையில் வழக்கத்தைவிட அதிகமாக ஊற்றச் சொன்னேன், கல்யாணமாயிற்றே என்றேன். தீயைப் பெரிதாக வைத்துவிட்டு, காரிலிருந்து மூக்குக்கண்ணாடி எடுத்துவருகிறேன் என்று பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தேன்.

"கதவச் சாத்திட்டுப் போ யூவன், குளுருது" என்றாள்.

சாத்தினேன். அந்தக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளும் என்று வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்திருந்தாள். அதையும் போட்டேன்.

போர்வை என் கையில்தான் இருந்தது. நனைத்தும் வைத்திருந்தேன். அதை நீங்கள் காரில் பார்த்திருப்பீர்கள், பிறகு அங்கே கொண்டுபோய் வைத்தேன். கதவுக்குப் பக்கத்தில் நின்று காது கொடுத்தேன். உள்ளே குப்பென்று ஒரு சத்தம், சன்னல் முழுக்க மஞ்சள். அப்போது அவள் குரல் கேட்டது. கடையில் பால் கேட்கிற குரல்.

"யூவன், அந்தப் போர்வைய எடுத்துட்டு வா. சீக்கிரம்."

நான் அசையவில்லை. அது பயந்த குரல் இல்லை, அதனால் அசையவில்லை. தீக்குள் நிற்கிறவள் அவள், நடுங்குகிறவன் நான். இதைவிட அநியாயம் உண்டா என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. பெரிய கதவுப் பக்கம் தீ மறித்ததால், பக்கவாட்டுக் கதவை அவள் தள்ளிப் பார்த்தாள். கதவு மாட்டிக்கொண்டது, வெளியேயிருந்து இழு என்றாள். அப்போதும் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நான் தாழ்ப்பாளின் மேல் கையை வைத்தேன். இரும்பு இன்னும் குளிர்ந்துதான் இருந்தது.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியாக அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், கை இருக்கும் இடத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் குரல் மாறியது.

"யூவன். தொறந்துடுப்பா. யூவன்."

நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் இந்த இடத்தில் நான் பொய் சொல்லப்போவதில்லை. அதைக் கேட்டதும் என் நடுக்கம் நின்றது. கை சூடானது. தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கிவைத்தது போல இருந்தது. உடனே திறந்திருக்கலாம், திறக்கும் தூரத்தில்தான் இருந்தேன். திறந்தால் வெளியே வந்து, அடுத்த கூட்டத்தில், ஹாலில் இதையும் ஒரு கதையாகச் சொல்வாளே என்று தோன்றியது. அதனால் இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் தட்டினாள். பிறகு கையால் தட்டவில்லை, உடம்பால் மோதினாள். பிறகு கதவுக்குக் கீழ்ப்பக்கம் மட்டும் சத்தம் வந்தது. அதுவும் நின்ற பிறகு தாழை எடுத்தேன், போர்வையைப் போட்டு அவளை இழுத்து வெளியே கிடத்தினேன். போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் போன் செய்ததும் நான்தான்.

வண்டி வரும் வரை பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். இனிமேல் பார்த்து நடந்துகொள்வாயா என்று மெதுவாகத்தான் கேட்டேன். கண் திறந்தபடி இருந்தது, மூச்சு இல்லை. ஆனால் புரிந்துகொண்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.