தொட்டியில் மீன்கள் நலம்

மீன் வளர்ப்பவனுக்கு இரத்த அழுத்தம் வராது என்பார்கள். எனக்கு வரவில்லை. நீங்களும் ஒரு தொட்டி வாங்கி வைக்கலாம், ஐயா. விசாரணை அறை கொஞ்சம் கலகலப்பாக இருக்கும்.

கார் தொழிற்சாலையில் நான் சமூகப் பொறுப்புத் துறையின் தலைவன். துறையில் வேறு ஆள் கிடையாது, ஆனாலும் தலைவன். வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் கூடத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து, மதிலுக்குப் பின்னால் இருக்கும் தெருவுக்கு இலவசமாகக் குழாயில் விட்டோம். துணி துவைக்க, செடிக்கு ஊற்ற. நீர் சுத்தம்தான் என்று காட்ட, வாசலில் அதே நீரில் ஒரு கண்ணாடித் தொட்டி, உள்ளே மீன்கள். யோசனை என்னுடையது. திறந்துவைத்த முதலாளி, "இயற்கை நம்முடைய பங்குதாரர்" என்றார். இலாபத்தில் பங்கு கேட்காத ஒரே பங்குதாரர் என்பதால் எல்லோரும் மனமாரக் கைதட்டினோம்.

மீன்கள் இரண்டொரு நாளுக்கு மேல் தாங்கவில்லை. நீரில் ஏதோ மிச்சம் இருந்தது. அதை எடுக்கும் இயந்திரத்தைவிட மீன் மலிவு. எனவே காலையில் வாயில் திறப்பதற்கு முன் மீனை மாற்றினேன்.

"என்ன சார், உங்க மீனுக்கெல்லாம் வாழ்க்கையே வெறுத்துப்போச்சா?" என்பார் மீன்காரர்.

"பேசாம பையைக் கட்டுங்க" என்பேன்.

தெருக்குழாயில் 'குடிக்காதீர்கள்' என்று பலகை மாட்டச் சொன்னார் சுத்திகரிப்புப் பொறியாளர். மாட்டினால் வாசலில் நீந்தும் மீனைப் பார்த்து ஊரே சிரிக்காதா? அவருக்கு அழகுணர்ச்சி போதாது. வேறு கிளைக்கு மாற்றினோம்.

கோடையில் அந்தத் தெருவுக்குக் குடிநீர் வருவது நின்றது. என் அக்கா அங்கேதான் குடியிருந்தாள்.

"தம்பி, உங்க கம்பெனித் தண்ணிய குடிக்கலாமாடா?"

கம்பெனிக்குப் பசுமை விருது தரலாமா என்று பார்க்கத் தேர்வுக் குழு வரவிருந்த சமயம். "வாசல்ல தொட்டி இருக்கே, போய்ப் பாருக்கா" என்றேன். குடி என்று நான் சொல்லவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் போய்ப் பார்த்தாள். பிறகு தெருவே வந்து பார்த்துவிட்டுக் குடங்களை நிரப்பிக்கொண்டது.

அக்கா மகள் பள்ளி விட்டதும் தொட்டிக்குத்தான் வருவாள்.

"மாமா, புள்ளி போட்டவன் எங்க?"

"அவனுக்குக் கல்யாணம். மாமியார் வீட்டுக்குப் போயிட்டான்."

"நேத்துதானே வந்தான்?"

"அவசரக் கல்யாணம்."

சிரித்தாள். மதிலோரக் குழாயில் கை நிறைய அள்ளிக் குடித்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வெயில் கடுமையாக இருந்தது, பிள்ளைக்குத் தாகம். என் வீட்டில் கேன் தண்ணீர்தான், அது வேறு விஷயம்.

விருது கிடைத்தது. மழைக்காலத்தில் அக்கா மகளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயின, பிறகு அவளும். தெருவில் இன்னும் சில பிள்ளைகள்.

தெரிந்தேதான் செய்தேன். வெட்கப்படச் சொல்லாதீர்கள். வெளியே நிற்கும் உங்கள் வண்டி எங்கள் தயாரிப்புதான். அந்த வெள்ளையில் முகம் பார்க்கலாம். அப்படிப் பளபளக்க வேண்டுமென்றால் அந்தப் பெயின்ட்டைக் கழுவிய நீர் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். வாங்கும்போது எங்கே போகிறது என்று கேட்டீர்களா?

எல்லாம் முடிந்த பிறகு அக்கா வந்தாள். அழவில்லை. தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அதே தண்ணிதானேடா. மீன் மட்டும் எப்படிடா நல்லா இருக்கு?"

"பார்த்துக்க ஆள் இருக்குக்கா" என்றேன்.

அதுவும் பொய்யில்லை.

என்னை எத்தனை நாள் வேண்டுமானாலும் உள்ளே வையுங்கள். ஆனால் காலையில் வாயில் திறப்பதற்குள் யாரையாவது அனுப்பித் தொட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். உயிர்கள், ஐயா. அலட்சியமாக விட என்னால் முடியாது.